விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் அன்பில்லாதவளா?

ரப்பர்விளை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இது சொத்துக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் நான் கேட்க வந்தது வேறு.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. அவர் பெயரில் இருப்பது 1 ஏக்கர் 80 சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம். வீடு முன்பே அம்மா பெயரில்தான். பெரிய அண்ணன் ஊரிலேயே இருந்து விளையைப் பார்க்கிறான். வெட்டுக்காரருக்குக் கூலி கொடுப்பது, மழைக்கு முன்னால் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டுவது, ஷீட் அடித்து உலர்த்திக் கடையில் போடுவது எல்லாம் அவன் பாடு. சின்ன அண்ணன் குவைத்தில். நான் கடைசி. கட்டிக்கொடுத்தது அடுத்த ஊரில்தான், சபையும் ஒன்றுதான்.

போன மாதம் பெரிய அண்ணன் டைப் அடித்த ஒரு பத்திரத்தோடு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். விடுதலைப் பத்திரம். ‘அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’, பணம் எதுவும் பெறாமல், என் பங்கை அண்ணன்மார் இருவருக்கும் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தது. “செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் போட்டாச்சு, ஆதார் மட்டும் எடுத்துட்டு வா” என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் சத்தம் போடவில்லை. மேஜையில் இருந்த அப்பாவின் வேதாகமத்தை எடுத்து, முதலாம் கொரிந்தியர் பதின்மூன்றைத் திருப்பி, ஐந்தாம் வசனத்தில் விரலை வைத்து என் பக்கமாக நகர்த்தினான். அன்பு தற்பொழிவை நாடாது. அடுக்களையில் இருந்து மைனி (பெரிய அண்ணன் மனைவி), “40 பவுன் போட்டு, மாப்பிள்ளைக்கு பைக்கும் வாங்கிக் கொடுத்தாச்சு, இனி விளையிலும் வேணுமா?” என்றார்.

அதிலிருந்து அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. அம்மா “சண்டை வேண்டாம் மக்ளே” என்பதோடு சரி. இந்த மாதம் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும்) ஆராதனையில், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் கூறும்போது மைனி எனக்கு முன் பெஞ்சில் நின்றார். முன்னாலிருந்து வந்த சமாதானத்தை இரண்டு கையாலும் வாங்கினார். திரும்பி எனக்குத் தரவேண்டியவர், பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டு அப்படியே முன்பக்கம் பார்த்து நின்றுவிட்டார். நான் கையை நீட்டியிருந்தேன். பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். அன்று நான் திருவிருந்து எடுக்காமலே வந்துவிட்டேன்.

பணம் தேவையில்லை என்று சொன்னால் பொய். மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஆனால் என்னைக் குடைவது அந்த வசனம்தான். கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு அன்பில்லை என்றாகுமா? அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன்னே போகலாமா?


கூடாரக்காரன் எழுதியது:

சகோதரி, நேராகவே சொல்கிறேன். போட்டுவிடுங்கள்.

ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் சண்டை வந்தபோது, ஆபிரகாம் மூத்தவர், உரிமை அவருக்குத்தான். ஆனாலும் நீ வலதுபக்கம் போனால் நான் இடதுபக்கம் போகிறேன் என்று சகோதரன் மகனுக்கு முதலில் விட்டுக்கொடுத்தார். லூக்கா 12-ல் ஒருவன் வந்து, என் சகோதரன் ஆஸ்தியை என்னோடு பங்கிடும்படி கட்டளையிடும் என்று கேட்கிறான். ஆண்டவர் அந்தப் பஞ்சாயத்தையே எடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலாம் கொரிந்தியர் 6:7-ல் பவுல் கேட்பதும் அதுதான்: ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?

விளை போனால் கர்த்தர் வேறு வழியில் தருவார். அண்ணன் போனால் யார் தருவார்?


குழித்துறை குமாஸ்தா எழுதியது:

சட்டம் கேட்க வரவில்லை என்கிறீர்கள். ஆனாலும் கோர்ட் வராந்தாவில் காலம் தள்ளியவனுக்கு வாய் சும்மா இருக்காது.

நம் பகுதி முன்பு திருவிதாங்கூர், 1949-லிருந்து 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கென்று கொல்லம் ஆண்டு 1092-ல், அதாவது 1916-ல் வந்த ஒரு வாரிசுச் சட்டம் இருந்தது. மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. உங்கள் மைனி பேசியது அந்தச் சட்டத்தின் குரல். கோட்டயத்து மேரி ராய் உடன்பிறந்தவரோடு வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 1951-லிருந்தே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும்.

அதன்படி உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. 180 சென்டில் அம்மாவுக்கு 60, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 40. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று 49-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்த 40 பவுன் இந்தக் கணக்கில் வராது.

பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்வது பெரும்பாடு. ஆக, யோசிக்கிறவரை ஆதாரை வீட்டிலேயே வையுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சா? இல்லையென்றால் முதலில் தாலுகா ஆபீஸ். பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல், சட்ட உதவி மையத்தில் வக்கீல் இலவசம். அன்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும்.


மதுரை மருமகள் எழுதியது:

நான் போட்டுக்கொடுத்தவள். இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் என் கதையும் அக்கா கதையும் ஒன்றில்லை. என் தம்பிக்கு இரண்டு காலும் நடக்காது. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் வக்கீல் வீட்டுக்குப் போய் எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போடுகிற அன்று அவன் அழுதுகொண்டு வேண்டாம் என்றான். அப்படிக் கொடுப்பது வேறு. டோக்கன் போட்டுவிட்டு ஆதார் எடுத்து வா என்றால் எனக்கும் கை வராது.


பழைய செயலர் எழுதியது:

மகளே, இரண்டு நாளாக இதைப் படித்துப் படித்து வைத்தேன். சபைச் செயலராக வெகுகாலம் இருந்தவன். பாகப் பிரச்சினை எந்த வீட்டில் வந்தாலும் கடைசியில் வெஸ்ட்ரி (கோவில் அலுவல் அறை) மேஜைக்குத்தான் வரும். அந்த மேஜையில் ஒன்று கவனித்தேன். அன்பைப் பற்றிய வசனத்தை எப்போதும் கீழே இருக்கிறவருக்குத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மகளுக்கு, இளையவனுக்கு, விதவையான மருமகளுக்கு. விளையின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த வேதாகமத்தைத் திருப்பி வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

உங்கள் அண்ணன் விரலை ஒரு வசனம் கீழே இறக்கியிருக்கலாம். ஆறாம் வசனம்: அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும். இதுவும் அன்பின் குணம்தான், அதே பட்டியலில்தான் இருக்கிறது. இப்போது அந்தப் பத்திரத்தைப் பாருங்கள். ‘அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’ என்று நீங்கள் சொல்வதாக எழுதியிருக்கிறது. உண்மையில் நீங்கள் பயத்தை முன்னிட்டு, சபையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்பதை முன்னிட்டுப் போடப்போகிறீர்கள். அன்பின் பெயரில் பொய்க் கையெழுத்து. மதுரைக்காரம்மா போட்டது மெய்யான கையெழுத்து. பத்திரத்து வாசகம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

கல்யாண அழைப்பிதழில் போட்டுப் போட்டு, பதின்மூன்றாம் அதிகாரம் ஏதோ மணமக்களுக்கு எழுதியது என்று ஆகிவிட்டது. பவுல் அதை எழுதியது ஒரு சண்டைக்காரச் சபைக்கு. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி. சகோதரன்மேல் சகோதரன் வழக்கு. திருவிருந்துக்குக் கூடிவந்த இடத்தில் வசதியானவன் முதலிலேயே சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்கிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான். அபாத்திரமாய்ப் பானம்பண்ணுவது, அதாவது தகுதியில்லாமல் திருவிருந்து எடுப்பது பற்றி பதினோராம் அதிகாரத்தில் வருகிற பயமுறுத்தல் முழுவதும் அந்தப் பந்தியைப் பற்றித்தான். அவர் கண்டித்தது பசியோடு நின்றவனை அல்ல, காத்திராமல் தின்றவனை. அப்புறம் நீங்கள் ஏன் எழுந்து வந்தீர்கள்? நீட்டிய கை உங்களுடையது.

கூடாரக்காரத் தம்பி 6:7-ஐச் சரியாகச் சொன்னார். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டார். எட்டாம் வசனத்தில் பவுல் மறுபக்கம் திரும்பி, நீங்களே அநியாயம் செய்து சகோதரரை நஷ்டப்படுத்துகிறீர்கள் என்கிறார். ஒரே மூச்சில் இரண்டு பேரையும் பிடிக்கிறார். பாதியை மட்டும் வாசித்தால் பவுல் அண்ணன் கட்சி ஆகிவிடுவார். லூக்காவில் பங்கைக் கேட்டவனிடம் ஆண்டவர் பொருளாசையைப் பற்றிப் பேசியது உண்மைதான். அது கேட்கிறவருக்கு மட்டுமா? வைத்திருக்கிறவருக்கும் பொருளாசை வரும்.

பெண் பங்கு கேட்பது வேதத்துக்குப் புதிதில்லை. எண்ணாகமம் 27. செலொப்பியாத்துக்கு மகன் இல்லை, ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் எலெயாசாருக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று எங்கள் தகப்பன் வீட்டாரோடு எங்களுக்கும் காணியாட்சி தாருங்கள் என்றார்கள். மோசே கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்றே பதில் வந்தது. உங்களுக்குச் சகோதரர் இருக்கிறார்கள், வழக்கு அப்படியே பொருந்தாது என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். சபை நடுவில் நின்று கேட்டதற்காக ‘உங்களுக்கு அன்பில்லை’ என்று அவர்களை யாரும் வாயடைக்கவில்லை, நான் பார்ப்பது அதைத்தான்.

சரி, இதுவரை உங்கள் பக்கம் பேசிவிட்டேன். இனி உங்களிடம்.

அன்பு பங்கு கேட்காதே என்று சொல்லவில்லை. எப்படிக் கேட்பது என்பதில் அது கடுமையாகக் கை வைக்கும். மத்தேயு 18-ல் முறையே இருக்கிறது: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில். பிறகு ஒன்றிரண்டு பேர். பிறகுதான் சபை. நீங்கள் அண்ணனிடம் தனியாக, காகிதம் இல்லாமல், ஒரு முறையாவது உட்கார்ந்து பேசினீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் அது பேச்சாகாது.

அண்ணன் இத்தனை வருடம் விளைக்குப் போட்ட உழைப்பைக் கணக்கில் எடுங்கள். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டினார்கள்? 40 பவுனைச் சட்டம் கழிக்காது, குமாஸ்தா சொன்னது சரி. ஆனால் சட்டம் கழிக்காததை நீங்கள் கழிக்கலாம். உங்கள் 40 சென்டில் 10 சென்ட் அண்ணனுக்கு என்று உங்கள் வாயால் சொன்னால் அது கொடை. உங்களுடையது என்று முதலில் ஒத்துக்கொண்டால்தானே அதில் நீங்கள் எதையாவது கொடுக்க முடியும்?

எங்கள் சபையில் ஓர் அண்ணனும் தங்கையும் குழித்துறை கோர்ட்டில் பாக வழக்கு நடத்தினார்கள். காலையில் ஊரிலிருந்து ஒரே பஸ்தான். வாய்தா அன்று இருவரும் அதில்தான் போயாக வேண்டும். அந்த அம்மா வாழையிலையில் இரண்டு பொதிச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள், ஒன்று அண்ணனுக்கு. அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அன்பு பொங்கி வழிந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கூண்டில் ஏறினால் அந்த அம்மா அண்ணனுக்கு எதிராகத்தான் சாட்சி சொன்னார்கள், சொன்னதில் ஒரு சென்ட் கூட்டிச் சொல்லவில்லை. தீர்ப்பு வந்து பங்கும் கிடைத்தது. ‘சினமடையாது, தீங்கு நினையாது’ என்று யாராவது வாசித்தால் எனக்கு அந்தப் பொதிச்சோறுதான் ஞாபகம் வரும்.

திருவிருந்து விஷயம். உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது யார்மேல் தப்பு என்ற விசாரணை இல்லாமல்தான். ஆகவே ஞாயிறுக்கு முன்னால் நீங்கள் போங்கள். மைனியிடமும் போங்கள். கதவு திறக்காவிட்டால் அது உங்கள் பாரம் இல்லை. போய் வந்தபின் திருவிருந்துக்கு முன்னே போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.


கூடாரக்காரன் எழுதியது:

ஐயா, 6:8-ஐ விட்டுவிட்டேன் என்பது சரி. ஆனாலும் சமாதானத்துக்காக நஷ்டப்படுகிறவன் பாக்கியவான் என்பதில் நான் மாறவில்லை. வழக்கு என்று வந்தால் பேரப்பிள்ளை காலம் வரை இழுக்கும். பொதிச்சோறு கட்டிக்கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்?


பழைய செயலர் எழுதியது:

குறைவுதான், தம்பி. ஆனால் சண்டை இல்லாததெல்லாம் சமாதானம் ஆகாது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக, நடுவில் தடுப்போடு கத்தோலிக்கக் கோவில் கட்டினார்கள். அவரவர் பக்கத்தில் அமைதியாகத்தான் பூசை கண்டார்கள். 1910-ல் தடுப்பை இடித்தபோதுதான் கலகமும் வழக்கும் வந்தன. எதை அன்பு என்பீர்கள், தடுப்பு நின்ற அமைதியையா, இடித்ததால் வந்த சண்டையையா? நான் இடித்தவர்கள் பக்கம்.


ரப்பர்விளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குமாஸ்தா ஐயா சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். 60 சென்ட் என்றதும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எனக்கும் உண்டா மக்ளே?” என்று கேட்டார். அதே பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயருக்கும் ஒரு கையெழுத்து இடம் விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் மூன்று பேரும் பங்கு பங்கு என்றோமே தவிர அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. சின்ன அண்ணனுக்குப் போன் போட்டேன். பத்திரம் தயாரான விஷயமே அவனுக்குத் தெரியாது. விடுப்பில் வரும்போது பேசுவோம், அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்றான்.

சனிக்கிழமை மைனியைப் பார்க்கப் போனேன். கட்டன் சாயா தந்தார். பிள்ளைகள் படிப்பு, மழை, ஷீட் விலை என்று பேசினோம். மற்றதை இருவரும் தொடவில்லை. கிளம்பும்போது முருங்கைக்கீரை ஒடித்துத் தந்தார். அண்ணன் வீட்டில் இல்லை.

ஞாயிறு திருவிருந்து எடுத்தேன். சமாதானம் கூறும்போது மைனி திரும்பிக் கை கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் முன்னே வரவில்லை. ஆராதனை முடியும்வரை வெளியே பைக் பக்கத்தில் நின்றிருக்கிறான். இப்போது எனக்கு அதுதான் பாரம். போன் எடுக்கமாட்டான். எப்படிப் பேசுவது, ஐயா?


பழைய செயலர் எழுதியது:

போன் வேண்டாம். விளைக்குப் போங்கள், காலையில், ரப்பர் பால் எடுக்கிற நேரத்துக்கு. ஆள் தனியாக இருப்பார், கையில் வேலை இருக்கும், முகம் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயமும் இருக்காது. நீங்களும் ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். திருவிருந்துக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் கேளுங்கள். தங்கையாகக் கேளுங்கள், கணக்கு கேட்கிற தொனி வேண்டாம். அடுத்த முதல் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வாரிசுச் சான்றிதழ் மனுவை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். அது பாட்டுக்கு நடக்கட்டும்.